திருத்தலாம், அழிக்கலாமா?

எங்கள் தெருக் கோவில் பங்குனிப் பொங்கல் நல்லபடியாக முடிந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோவிலில் மைக் செட் கட்டியிருக்கும். எல்லாக் கோவிலுக்கும் ஒரே சமயத்தில் மேளம் வேண்டும். மேளக்காரர்களோ எண்ணி நாலு செட்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் முளைப்பாரி புறப்படும் நேரம். சொல்லி வைத்திருந்த மேள செட் வந்து சேரவில்லை. முந்தின ஊரிலேயே நேரமாகிவிட்டதாம். கமிட்டிப் பையன்கள் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார்கள். ஒலிபெருக்கியில் மேளம் கிளம்பியது. பெண்களும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே காதைத் தீட்டினார். "சார், இது நம்ம பம்பை அண்ணாச்சி அடி மாதிரியே இருக்குல்ல? ஆனா அவரு இல்ல" என்றார்.

அண்ணாச்சி போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். ஆனால் கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் கேட்பது அவர் கை இல்லை என்று சொன்னார். அவர் சொன்ன இரண்டுமே சரிதான். அது அண்ணாச்சியின் அடிதான். அண்ணாச்சியின் கை இல்லை. அப்படி ஆக்கியது நான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனுஷன் வாசித்ததை இயந்திரத்தில் பதிந்து, பிறகு அதைத் திருத்துவதில் தப்பில்லை. ஆனால் அசலை வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும். அசலின் மேலேயே திருத்தினால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, அழிப்பு.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி. என் பேரன் காலேஜில் படிக்கும்போது சென்னையில் செகண்ட் ஹாண்டில் ஒரு சீக்வென்சர் வாங்கி வந்தான். ஜப்பான் சாமான். பழைய வீடியோ கேசட் அளவுதான் இருக்கும். வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போகும்போது, "தாத்தா, நீங்க ஆர்மோனியம் வாசிப்பீங்கல்ல, இதையும் நோண்டிப் பாருங்க" என்று விட்டுவிட்டுப் போனான். எழுபத்து நாலு வயதில் எனக்கு வேறு என்ன வேலை? நோண்டினேன்.

நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது டேப் ரிக்கார்டர் மாதிரி என்று ஒரு நினைப்பு இருக்கும். இல்லை. டேப் சத்தத்தைப் பதிகிறது. இந்தப் பெட்டி சத்தத்தைப் பதிவதே இல்லை. எந்த வாத்தியம், எந்த நேரத்தில், எவ்வளவு பலமாக அடிக்கப்பட்டது என்ற விவரத்தை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்கிறது. ஆபீஸ் வருகைப் பதிவேடு மாதிரி. ஆள் யார், வந்த மணி என்ன என்று எழுதியிருக்கும். ஆளின் குரல் அதில் இருக்காது. திரும்ப வாசிக்கச் சொன்னால் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தன் வயிற்றில் இருக்கும் வாத்திய ஒலிகளை எழுப்பும். இரண்டு சுற்றோ எட்டுச் சுற்றோ பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடலாம். அதற்குத்தான் பேட்டர்ன் என்று பெயர்.

அந்தப் பதிவேடு எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? என்னிடம் இருக்கும் பெட்டி ஒரு அட்சரத்தை 480 துண்டாக நறுக்குகிறது. ஒரு துண்டுக்கு 'க்ளாக்' என்று பெயர். நிமிஷத்துக்கு 100 அட்சரம் என்ற வேகத்தில் ஒரு அட்சரம் 0.6 விநாடி. அதை 480 ஆல் வகுத்தால் ஒரு க்ளாக் ஒரு விநாடியில் 800ல் ஒரு பங்கு. அடியின் பலத்தை 1 முதல் 127 வரை எண்ணால் குறிக்கும். திரையில் இந்த எண்களெல்லாம் வரிசையாக வரும். எந்த எண்ணை வேண்டுமானாலும் கையால் மாற்றலாம். வாழ்நாள் முழுக்கப் பதிவேட்டோடு குப்பை கொட்டியவனுக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் 1980ல் ஒரு டிரம் இயந்திரம் கொண்டுவந்தார். கையால் அடித்துப் பதிந்த அடிகளை அதுவே பக்கத்துச் சரியான இடத்துக்கு இழுத்துப் பொருத்தும். 1982ல் பம்பாயில் சரண்ஜித் சிங், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி இயந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு இசைத்தட்டாகப் போட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. பல வருஷம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். 1983ல் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்தது. நம் ஊரில் 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசை கோர்த்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் பேசியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1992ல் 'ரோஜா' வந்த பிறகு, வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவில் இப்படி இசை கோர்ப்பது ஊர் உலகத்துக்கெல்லாம் பழகிவிட்டது. இன்றைக்கு ராஜபாளையத்தில் கல்யாணக் கச்சேரிக்கு வரும் மெல்லிசைக் குழுவில்கூட பாதித் தாளம் பெட்டியில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி நையாண்டி மேளத்தில் பம்பை வாசித்தவர். கரகாட்ட செட்டோடு சங்கரன்கோவில், சாத்தூர், இருக்கன்குடி என்று சுற்றாத ஊர் இல்லை. வயதான பிறகு பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிய விடிய நிற்க முடியவில்லை. ஒரு மெல்லிசைக் குழுவில் உட்கார்ந்து ரிதம் பேட் அடிக்கப் போனார். குச்சி பிடித்த கைக்குப் பேட் புதிதில்லை. சாயங்காலம் நடக்கப் போகும்போது எனக்குப் பழக்கம். நான் காரைக்கால்காரன், மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவன். இந்தப் பக்கத்து 'அண்ணாச்சி' என்ற சொல்லே அவரைக் கூப்பிட்டுத்தான் என் வாயில் படிந்தது.

ஒரு நாள் வீட்டுத் திண்ணையில் அவருடைய பேடை என் பெட்டியோடு கேபிளில் இணைத்தோம். "கரகத்துக்குப் போடுவீங்களே, அதை அடிங்க அண்ணாச்சி" என்றேன். திஸ்ர நடை. அட்சரத்துக்கு மூன்று அடி, நாலு அட்சரம் ஒரு சுற்று. எட்டுச் சுற்று அடித்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து எண்களைப் பார்த்தேன். திஸ்ரம் என்றால் மூன்று அடியும் 0, 160, 320 என்ற இடங்களில் விழ வேண்டும். அண்ணாச்சியின் முதல் அடி சரியாக இருந்தது. இரண்டாவதும் ஏறக்குறைய சரி. மூன்றாவது அடி மட்டும் 334, 337, 336, 335 என்று விழுந்திருந்தது. எல்லாச் சுற்றிலும் அப்படித்தான். 16 க்ளாக் தாமதம், அதாவது விநாடியில் 50ல் ஒரு பங்கு. ஐந்தாம் சுற்றில் ஒரே ஒரு இடத்தில் 380. அந்த நேரம் தெருவில் மினி பஸ் ஹாரன் அடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

முதல் நாலு சுற்றின் எண்களைப் பேரனிடம் போனில் சொல்வதற்காக ஒரு பழைய டயரியில் எழுதி வைத்தேன். பிறகு, குவாண்டைஸ் என்ற பட்டனைக் கண்டுபிடித்தேன்.

குவாண்டைஸ் என்றால், தள்ளி விழுந்த அடிகளையெல்லாம் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து வைப்பது. கட்டம் எத்தனை என்று நாம் சொல்ல வேண்டும். நான் விவரம் தெரியாமல் அட்சரத்துக்கு நாலு கட்டம் என்று வைத்து அழுத்திவிட்டேன். அந்தக் கட்டங்கள் 0, 120, 240, 360. 160ல் விழுந்த அடி 120க்குப் போனது. 336ல் விழுந்தது 360க்குப் போனது. ஓடவிட்டுக் கேட்டால், நல்லா நடந்துகொண்டிருந்தவர் செருப்பு அறுந்து நொண்டுவது மாதிரி இருந்தது. பேரனுக்குப் போன் போட்டேன். "தாத்தா, அது திஸ்ரம். மூணு கட்டம் வைங்க" என்றான். செய்ததை ஒரு படி திரும்பப் பெறும் பட்டனை அழுத்தி, மூன்று கட்டம் வைத்து மறுபடி இழுத்தேன். எல்லா அடியும் 0, 160, 320ல் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த மினி பஸ் தப்பும் சேர்ந்து மறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதே பேட்டர்ன் மேலேயே சேமித்து, பெட்டியை அணைத்தேன். அந்தப் பட்டன் கடைசியாகச் செய்த ஒரு வேலையைத்தான் திரும்பத் தரும் என்பதும், அணைத்த பிறகு அதுவும் இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். யாரு வாசிச்சது?" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "நீங்கதான் அண்ணாச்சி. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்" என்றேன்.

"எதைச் சரி பண்ணுனீக?"

மூன்றாவது அடி லேட்டாக விழுந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அது லேட்டு இல்ல சார். மூணாவதைக் கொஞ்சம் நிறுத்தி விட்டாத்தான் கரகம் ஆடுற பிள்ள காலை ஊனும். தலையில கரகம் இருக்குல்ல. அடி முன்னாடியே விழுந்துட்டா அவ கால் தரையில இருக்காது. எங்கய்யா எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

பழையதைப் போடச் சொன்னார். இல்லை என்றேன். "போகட்டும் சார், இன்னொரு நாள் வாசிச்சாப் போச்சு" என்று எழுந்து போனார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. புரட்டாசியில் பக்கவாதம், ஐப்பசியில் போய்விட்டார். அதற்கு முன்பே கமிட்டிப் பையன் ஒருவன் வந்து கேட்டான் என்று அந்தக் கச்சிதமான பேட்டர்னைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதுதான் பங்குனியில் ஓடியது.

இதைச் சொன்னதும் சில நண்பர்கள், "அதனால்தான் சொல்கிறோம், மிஷினே கூடாது. உயிர் இல்லாத சத்தம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தப்புக்குப் பெட்டியைக் குற்றம் சொல்வது, கணக்கு உதைத்தால் கால்குலேட்டரைத் திட்டுவது மாதிரி. யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சியின் மூன்றாவது அடி 16 க்ளாக் தள்ளி விழுகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பெட்டிதான். அவரோடு பல வருஷம் நின்று வாசித்தவர்கள் அதை உடம்பால் அறிந்திருப்பார்கள். எண்ணால் அறிந்திருக்க மாட்டார்கள். பெட்டி உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தது. அதைக் கண்ணால் பார்த்தும் புரியாமல் அழித்தது குமாஸ்தா.

புத்தியைக் கொஞ்சம் உபயோகித்திருந்தால் அந்த எண்களே எனக்குச் சொல்லியிருக்கும். எட்டுச் சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு தாமதம் வந்தால் அது தப்பாக இருக்குமா? தப்பு அப்படிச் சொல்லிவைத்த மாதிரி வராது. தப்பு என்பது 380. ஒரே தடவை வந்தது, காரணமும் தெரிந்தது. ஆபீசில் ஒருவர் தினமும் பத்து மணி பத்து நிமிஷத்துக்கே வருகிறார் என்றால், அவர் வரும் பஸ் அந்த நேரத்துக்குத்தான் வருகிறது என்று அர்த்தம். ஒரு நாள் மட்டும் பதினொன்றரைக்கு வந்தால்தான் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். நான் செய்திருக்க வேண்டியது, அந்த 380 என்ற ஒரு எண்ணை மட்டும் 336 ஆக்குவது. அதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

எனக்குச் சின்ன வயதிலேயே இதற்குப் பாடம் நடந்திருக்கிறது. காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வாத்தியார் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். 'திக்தே' என்று பெயர். தப்புக்கு அடியில் சிவப்பு மையில் கோடு வரும். அதை அழித்து எழுதினால் பிரம்படி. இடது பக்கத்தில் தப்பு அப்படியே இருக்க, எதிர்ப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். வருஷக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் நாம் எங்கே சறுக்கினோம், எப்படித் தேறினோம் என்று தெரியும். அந்த பாஷையில் 'ஜுஸ்த்' என்று ஒரு சொல். சுருதி, தாளம் சரியாக இருந்தாலும் ஜுஸ்த். நியாயமாக நடந்தாலும் ஜுஸ்த். அன்று நான் செய்தது முதல் அர்த்தத்தில் மட்டும் சரி.

அப்புறம் குமாஸ்தா உத்தியோகம். பதிவேட்டில் ஒரு எண் தப்பாகிவிட்டால் ரப்பரால் அழிக்கக்கூடாது, பிளேடால் சுரண்டக்கூடாது, மேலேயே எழுதக்கூடாது. ஒரே கோட்டில் அடித்து, பழைய எண் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். புதிதாக வந்த பையன்களுக்கு நானே இதை எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ரிடையர் ஆனதும் அந்த விதியை மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த மாதிரிப் பெட்டியோ கம்ப்யூட்டரோ வைத்துத் தாளம் கோர்த்தால் அவர்களிடம் சொல்லுங்கள். முதலில், பதிந்து முடித்ததும் அதை வேறொரு காலி எண்ணுக்கு நகல் எடுக்க வேண்டும். எந்தப் பெட்டியிலும் காப்பி என்று ஒரு வேலை இருக்கும். திருத்துவதெல்லாம் நகலில். அசலுக்குத் தேதியும் வாசித்தவர் பெயரும் வைக்க வேண்டும். முடிந்தால் அதைக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியை நம்பக்கூடாது.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுக்கக்கூடாது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சதவீதத்தில் கேட்கும் பெட்டிகள் உண்டு. 50 என்று வைத்தால் 336 என்பது 328க்கு வரும். பாதி நடை மிஞ்சும். ஆனால் 380 என்ற நிஜத் தப்பும் 350ல் வந்து பாதித் தப்பாக நிற்கும். ஆகவே தப்பான அடியைத் தேடிப்போய் அதை மட்டும் கையால் நகர்த்துவதுதான் உத்தமம். சோம்பல்படாமல் எண்களைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் தாளத்துக்கு அந்தக் கட்டம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கையாண்ட பெட்டிகளில் கட்டம் இரண்டு, நாலு, எட்டு என்றோ மூன்று, ஆறு என்றோதான் கேட்கும். ஐந்து, ஏழு கிடையாது. கண்ட நடையில் அட்சரத்துக்கு ஐந்து அடி: 0, 96, 192, 288, 384. இதை நாலு கட்டத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? 96 என்பது 120க்குப் போகும். 192ம் 288ம் இரண்டுமே 240ல் போய் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். 384 என்பது 360க்குப் போகும். ஐந்து அடி நாலாகிவிடும். ஒரு அடி காணாமலே போய்விடும். கண்டம் சதுஸ்ரமாகிவிட்டது, செய்தவனுக்குத் தெரியவே தெரியாது, கச்சிதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருப்பான். இத்தனைக்கும் 480 ஐந்தால் மிச்சமில்லாமல் வகுபடும் எண். மிஸ்ரத்தின் ஏழாலும் சங்கீர்ணத்தின் ஒன்பதாலும் வகுபடாது என்றாலும், அங்கே வரும் வித்தியாசம் அரை க்ளாக்குக்குள்தான். எந்தக் காதுக்கும் தெரியாது. நம் ஐந்து நடைக்கும் அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது. அவசரப்பட்டு அழுத்தும் ஒரு பட்டனில்தான் இல்லை.

இத்தனைக்கும், இழுத்துப் பொருத்தும் வித்தையைக் கொண்டுவந்த அந்த ரோஜர் லின்னே, அடிகளைச் சமமாக வைத்தால் மட்டும் போதாது என்று அறிந்தவர். இரட்டைப்படை அடிகளை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போடும் வசதியையும் அவர் இயந்திரத்தில் வைத்தார். ஸ்விங் என்று பெயர். 50 சதவீதம் என்றால் நேர் நடை; 66 வாக்கில் மூன்றில் ஒரு பங்கு சாய்ந்த நடை. அமெரிக்கக் கறுப்பர்களின் இசையில் அந்தச் சாய்வு உயிர்நாடி. அதற்கு அங்கே ஒரு பட்டன் கிடைத்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கரகாட்டக்காரியின் காலுக்காக நிறுத்தி விடும் அந்த 16 க்ளாக்குக்கு யாரும் பட்டன் செய்து தர மாட்டார்கள். நாம்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கூலி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. கமிட்டிப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. மேளம் வராதபோது முளைப்பாரியைத் தெருவில் நிறுத்தி வைக்க முடியுமா? பென் டிரைவ் கைகொடுத்தது. ஆனால் செட் வந்திருந்தால் சம்பளம், வெற்றிலை பாக்கு, சாப்பாடு எல்லாம் கொடுத்திருப்போம். ஒரு ஆளின் கையை இரவல் வாங்கி இரண்டு தெரு சுற்றிவிட்டு, மைக்கில் நன்கொடையாளர் பெயரையெல்லாம் படித்தவர்கள் அவர் பெயரை ஒரு தடவை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாததற்கும் நான்தான் காரணம். அந்தக் கோப்புக்கு நான் வைத்த பெயர் 'மேளம் 1'.

டீக்கடையிலிருந்து வந்த அன்று ராத்திரி அந்தப் பழைய டயரியைத் தேடி எடுத்தேன். நாலு சுற்றும் என் கையெழுத்தில் அப்படியே இருந்தது, அடியின் இடமும் பலமும். ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பெட்டியில் ஏற்றினேன். சரிபார்த்தேன். ஆபீஸ் வழக்கப்படி இது அசல் இல்லை, உண்மை நகல். உண்மை நகலுக்கு யாராவது சான்று சொல்ல வேண்டுமே. அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் சம்சாரம் ஹெட்போன் வேண்டாம் என்றார். சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டார். மூன்றாவது அடி விழும் போதெல்லாம் அவர் விரல் பாயில் தட்டியது. சரியாக அந்த இடத்தில்.

முடிந்ததும், "அவுக கைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு சுத்துதானா இருக்கு?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான் நான் எழுதி வச்சேன்மா" என்றேன்.

வருகிற ஆடிக்குக் கமிட்டிப் பையன்கள் மறுபடி கேட்டிருக்கிறார்கள். இந்த நாலு சுற்றைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கோப்பில் அண்ணாச்சியின் பெயர் இருக்கிறது. மைக்கில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், மேளத்துக்கு எடுத்து வைக்கும் தாம்பூலத் தட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டேன். சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஆடி முடிந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

அதற்குள் உங்கள் தெருவில் தவிலோ உறுமியோ பம்பையோ வாசித்த பெரியவர் யாராவது இருந்தால், செல்போனிலாவது பதிந்து வையுங்கள். எட்டுச் சுற்றாவது பதியுங்கள். பதிந்ததை அப்படியே வைத்திருங்கள்.